எழுபது கொண்டை ஊசி வளைவும் ஒரு சைக்கிளும்: தெரியுமா உங்களுக்கு?

குமாரபாளையத்துக்காரர்களுக்கு மலை புதிதல்ல. காவிரிக்கு அக்கரையில் பவானி ஊராட்சிக்கோட்டை மலை, கிழக்கே சங்ககிரிக் கோட்டை, அதைத் தாண்டினால் திருச்செங்கோடு, சேலம் போனால் ஏற்காடு. தறிக்கு ஒருநாள் விடுமுறை கிடைத்தால் பைக்கிலும் காரிலும் மலையேறிவிட்டு இரவுக்குள் வீடு திரும்புகிற ஊர் இது. அதே மலையை மிதித்தே ஏறுகிறவர்களும் இன்று பெருகிவிட்டார்கள். விடிகாலையில் தலைக்கவசமும் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்குமாக நெடுஞ்சாலையோரம் ஒரு கூட்டம் போகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அவர்களைக் கேட்டால் ஒரே பெயரைத்தான் கண் விரியச் சொல்வார்கள்: கொல்லிமலை! அந்த மலைப்பாதைக்குள்ளும், அதில் ஏறும் சைக்கிளுக்குள்ளும் எத்தனை அதிசயங்கள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

எழுபதும் நம்ம மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, தெரியுமா?

குமாரபாளையமும் நாமக்கல் மாவட்டம், கொல்லிமலையும் நாமக்கல் மாவட்டம். திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று போனால் எண்பது தொண்ணூறு கிலோமீட்டரில் காரவள்ளி வந்துவிடும். மலை ஆரம்பிப்பது அங்கேதான். அங்கிருந்து மேலே சோளக்காடு வரை சுமார் இருபது கிலோமீட்டர். அதற்குள் வரிசையாக 70 கொண்டை ஊசி வளைவுகள்!

மற்ற மலைகளோடு வைத்துப் பாருங்கள். ஏற்காட்டுக்கு 20. பண்ணாரியில் இருந்து திம்பத்துக்கு 27. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. வால்பாறைக்கு 40. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் மகியங்கனைச் சாலையில் 'பதினெட்டு வளைவு' என்றே பெயர் வாங்கிய இடம் இருக்கிறது. சாலையைச் சீரமைத்தபோது ஒன்று குறைந்து இப்போது 17. மணாலியில் இருந்து லே போகும் வழியில் லாரி ஓட்டுநர்களை நடுங்க வைக்கும் காட்டா வளைவுகள் 21. சைக்கிள் பந்தய உலகமே கும்பிடும் பிரான்ஸின் ஆல்ப் டூயஸ் மலையிலும் அதே 21. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் 1820களில் ஆஸ்திரியப் பேரரசு போட்ட ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையில், ஒரு பக்கம் ஏற 48. நம்மிடம் 70!

வளைவு கூடினால் ஏற்றம் குறையும், தெரியுமா?

"எழுபது வளைவா? ஐயோ!" என்று மிரளுகிறோம். உண்மை நேர்மாறானது. வளைவுதான் நமக்குக் கிடைத்த சலுகை!

கணக்கைப் பாருங்கள். அடிவாரத்தில் இருந்து உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வேண்டும். அதைச் சுமார் 20 கிலோமீட்டருக்கு இழுத்து நீட்டியிருக்கிறார்கள். அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 5 மீட்டர் மேலே போகிறோம். இதைத்தான் 5 சதவீத ஏற்றம் என்பார்கள். வளைவே இல்லாமல் மலைச்சரிவில் நேராகச் சாலை போட்டிருந்தால் சைக்கிளை விடுங்கள், பேருந்தே ஏறாது. வளைவுக்கு வளைவு சராசரியாக 14 மீட்டர் உயரம். நாலு மாடி ஏறியதும் ஒரு திருப்பம், மறுபடி நாலு மாடி, மறுபடி ஒரு திருப்பம். இப்படி எழுபது தடவை!

இன்னும் ஒரு வேடிக்கை. ஏற்காடு கொல்லிமலையை விட உயரம், கடல் மட்டத்தில் இருந்து 1,515 மீட்டர். ஆனால் வளைவு இருபதுதான். ஆல்ப் டூயஸில் 13.8 கிலோமீட்டருக்குச் சராசரி ஏற்றம் 8.1 சதவீதம், வளைவு நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, கால் வலியோ பல மடங்கு. நியூஸிலாந்தின் டனிடன் நகரில் பால்ட்வின் தெரு என்று ஒன்று இருக்கிறது. உலகின் மிகச் செங்குத்தான தெரு என்று கின்னஸ் பட்டம் வாங்கியது. உச்சபட்ச இடத்தில் ஏறத்தாழ 35 சதவீத ஏற்றம். அதில் எத்தனை கொண்டை ஊசி வளைவு தெரியுமா? ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அந்தச் செங்குத்து!

ஆகவே மலைப்பாதையின் பலகையில் வளைவு எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் சாலை எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். மிரள வேண்டியது அங்கேதான்.

ஒரே வளைவில் இரண்டு ஏற்றம் உண்டு, தெரியுமா?

கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறுகின்றன. ஆனால் உள்விளிம்பின் தூரம் குறைவு. குறைந்த தூரத்தில் அதே உயரம் என்றால் ஏற்றம் சுள்ளென்று கூடிவிடும். வெளிவிளிம்பில் அதே ஏற்றம் நீண்டு, இளகிப்போய்விடும்.

நம் நாட்டில் இடப்பக்கம்தான் போக வேண்டும். எனவே இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்விளிம்பில் மாட்டிக்கொள்கிறோம். முன்சக்கரம் எழும்பப் பார்க்கும், பெடல் நின்றுவிடுவது போல் கனக்கும், சைக்கிள் தள்ளாடும். வலப்பக்கம் திரும்பும் வளைவிலோ வெளிவிளிம்பு நமக்கு. கால் சட்டென்று லேசாகும், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்கும். வளைவுகள் மாறி மாறித் திரும்புவதால் பாதி வளைவில் தண்டனை, பாதி வளைவில் ஓய்வு! பழகியவர்கள் இடது வளைவு வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுவார்கள். வளைவுக்குள் போன பிறகு மாற்றினால் செயின் கரகரவென்று முனகிக் கழன்றுவிடும்.

கொல்லிமலை மேற்குத் தொடர்ச்சி மலை இல்லை, தெரியுமா?

ஊட்டி, வால்பாறை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை. கொல்லிமலையும் ஏற்காடு இருக்கும் சேர்வராயனும் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். நீளமாகச் சங்கிலி கோத்தாற்போல் இராது. சமவெளியில் அங்கொன்று இங்கொன்றாகத் திடீரென்று எழுந்து நிற்கும். அதனால்தான் கொல்லிமலைக்கு முன்னால் தயாரிப்பே கிடையாது. காரவள்ளி வரை சாலை கிட்டத்தட்ட மட்டம். அங்கிருந்து மலை ஒரேயடியாகத் தொடங்கிவிடுகிறது.

மேலே போனால் கதையே வேறு. உச்சி என்பது கூர்முனை இல்லை, மேடும் பள்ளமுமாகப் பரந்த மேட்டுநிலம். மிளகு, காபி, பலா, அன்னாசி, மலைவாழை, சாமை, தினை எல்லாம் அங்கே விளைகின்றன. "எழுபதும் முடிந்தது, இனி சுகம்" என்று சோளக்காட்டில் மூச்சு விடுகிற சைக்கிள்காரருக்கு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில் என்று போகப் போக ஏற்ற இறக்கம் மிச்சமிருப்பது அப்புறம்தான் தெரியும்!

இந்த மலையின் அரசனுக்கும் அவன் குதிரைக்கும் ஒரே பெயர், தெரியுமா?

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் குதிரையின் பெயரும் ஓரி! அவனை எதிர்த்துப் போரிட்ட திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணர் வியக்கிறார். அப்பேர்ப்பட்ட ஓரியைக் காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது சங்க இலக்கியம். இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஒவ்வொரு ஆடியிலும் வல்வில் ஓரி விழா நடக்கிறது. எழுபது வளைவு ஏறி வருகிறவர்கள் அந்தச் சிலை முன் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

கியர் என்பதும் ஒரு கொண்டை ஊசி வளைவுதான், தெரியுமா?

பால்காரரும் நூல் மூட்டை ஏற்றுகிறவரும் ஓட்டும் சாதாரணப் பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்வோம். எடை 22 கிலோ வரை வரும். முன்பக்கப் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வையுங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் போய்விடும். மட்டமான சாலையில் அருமை! ஆனால் 5 சதவீத ஏற்றத்தில் அந்த ஒரே சுற்றில் 27 சென்டிமீட்டர் உயர வேண்டும். 65 கிலோ ஆள் ஏறினால், காலில் சுற்று முழுக்கச் சராசரியாக 22 கிலோ பாரத்தை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மலையேறும் கியர் சைக்கிளில் முன்னால் 30 பல், பின்னால் 34 பல் இருக்கும். ஒரு சுற்றுக்கு 1.85 மீட்டர்தான் நகரும். வண்டியும் இலகு, சுமார் 15 கிலோ. காலுக்கு வரும் பாரம் ஏறத்தாழ 7 கிலோ. மூன்றில் ஒரு பங்கு!

இதில் ஏமாற்று ஏதும் உண்டா? உண்டு! பெரிய சைக்கிளில் உச்சிக்குப் போக 3,700 சுற்று போதும். கியர் சைக்கிளில் 10,800 சுற்று சுற்ற வேண்டும். தூரத்தைக் கூட்டி பாரத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். மலையில் சாலை போட்டவர் செய்ததும் அதேதான். அவர் சாலையை மடக்கி நீட்டினார். சைக்கிள் செய்தவர் பெடல் சுற்றைக் கூட்டி நீட்டினார். வளைவு, கியர் இரண்டுமே ஒரே தந்திரம்!

கியர் போட்டால் மானக்கேடு என்று இருந்த காலம் ஒன்று உண்டு, தெரியுமா?

1902. பிரான்ஸில் மலைப்பாதையில் ஒரு பரிசோதனை. எத்வார் ஃபிஷர் என்ற புகழ்பெற்ற பந்தய வீரர், ஒற்றைக் கியர் சைக்கிளில். எதிரே மார்த் ஹெஸ் என்ற பெண், மூன்று கியர் சைக்கிளில். யார் ஜெயித்தது? அந்தப் பெண்தான்! கால் தரையில் படாமல் முழுப் பாதையையும் முடித்தார்.

அதைப் பார்த்த பிறகாவது மனம் மாறினார்களா? அதுதான் இல்லை. அடுத்த ஆண்டே, 1903ல், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், கியரெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று கிண்டலடித்தவர். அவருடைய பந்தயத்தில் செயினைப் பல்லுக்குப் பல் தாவவைக்கும் கியருக்கு 1937 வரை தடை! அதுவரை வீரர்கள் என்ன செய்தார்கள்? பின்சக்கரத்தின் இருபுறமும் பக்கத்துக்கு ஒரு அளவில் பல்சக்கரம் மாட்டியிருப்பார்கள். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, மறுபடி முடுக்கிவிட்டு ஏறுவார்கள். உச்சியில் மீண்டும் ஒருமுறை கழற்றி மாட்டல். பனியில் விரல் விறைத்துப்போனாலும் அதே பாடு!

ஒரு பொய்த் தந்தியால் மலைப்பந்தயம் பிறந்தது, தெரியுமா?

1910ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை முதன்முறையாகப் பிரனீஸ் உயர் மலைகள் வழியே நடத்தலாமா என்று பார்த்துவர அடோல்ஃப் ஸ்டைனஸ் என்பவரை அனுப்பினார்கள். 2,115 மீட்டர் உயரத் தூர்மாலே கணவாயில் அவருடைய கார் பனியில் சிக்கியது. இறங்கி நடந்தார். இருட்டில் வழி தவறி, செத்துப் பிழைத்து அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் தலைமையிடத்துக்குத் தந்தி அடித்தார். என்னவென்று? சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று!

அந்த வருடம் பந்தயம் அந்த மலைகள் வழியே போனது. களைத்துத் தடுமாறி வந்த ஆக்தாவ் லாபிஸ், நடத்தியவர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். கத்தினாலும் அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றது அவர்தான்! இன்று தூர்மாலே இல்லாத டூர் டி பிரான்ஸை ரசிகர்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆல்ப் டூயஸ் 1952ல் சேர்ந்தது. முதலில் ஜெயித்தவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கொப்பி. அங்கே வளைவுக்கு வளைவு வெற்றியாளர்களின் பெயர்ப்பலகை உண்டு. அடிவாரத்தில் 21 என்று தொடங்கி உச்சியில் 1 என்று முடியும். நம் கொல்லிமலையில் எண் ஏறுமுகம், 70/70 பலகைதான் பரிசு.

உச்சி போக ஒரு லிட்டர் வியர்வை, தெரியுமா?

ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ. அதை 1,000 மீட்டர் உயர்த்த 785 கிலோஜூல் வேலை. ஆனால் நம் உடல், சாப்பிட்ட சக்தியில் கால் பங்கைத்தான் பெடலுக்குத் தருகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பம். கணக்குப் போட்டால் ஏற்றத்துக்கு மட்டும் 750 கிலோகலோரி செலவு, அதில் 560க்குக் கிட்டத்தட்ட வெறும் சூடு! அந்தச் சூட்டை வெளியேற்ற ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும்.

சமவெளியில் வேகமாகப் போகும்போது காற்று மேலே பட்டுக் குளிர்விக்கும். மலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் காற்று எங்கே? அதனால்தான் ஏற்றத்தில் சட்டை பிழிய வியர்க்கிறது. ஆனால் அதே மெதுவேகத்தில் ஒரு லாபமும் உண்டு. நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்தியின் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து தப்பலாம். ஏற்றத்தில் ஒளிய இடமில்லை, ஒளியவும் தேவையில்லை. அங்கே எதிரி எடை மட்டும்!

ஒரு கிலோவுக்கு ஒன்றரை நிமிடம், தெரியுமா?

80 கிலோவில் 1 கிலோ குறைந்தால் வேலை 1.25 சதவீதம் குறையும். இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடம் மிச்சம். இதற்காகத்தான் கார்பன் சட்டத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள்! பந்தயங்களில் இதற்கும் ஒரு கடிவாளம் உண்டு: உலக சைக்கிள் கூட்டமைப்பு விதிப்படி வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. நம் பெரிய சைக்கிள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. பையில் தேவையில்லாமல் தூக்கிப்போகும் பூட்டு, சங்கிலி, இரண்டாவது சட்டை எல்லாவற்றையும் அடிவாரத்தில் விட்டுவிட்டாலே பாதி கார்பன் சைக்கிள் வாங்கிய மாதிரி!

ஏறுகிறவருக்கே முதல் வழி, தெரியுமா?

குறுகலான மலைச்சாலையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால், இறங்குகிறவர் நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. காரணம் எளிது. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. சைக்கிள்காரரிடம் கேளுங்கள், ஏற்றத்தில் கால் ஊன்றிவிட்டால் மறுபடி பெடலில் கால் வைத்து ஏறுவதற்குள் உயிர் போய்விடும்.

லாரிக்கும் ரிக்குக்கும் பெயர்போன மாவட்டம் நம்முடையது. பழைய டிரைவர் யாரைக் கேட்டாலும் ஒரு பாடம் சொல்வார்: "எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கோணுமுங்க." எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறாது. பாவம், சைக்கிளுக்கு எஞ்சின் கிடையாது. ஃப்ரீவீல் டிக் டிக்கென்று சுழன்று வண்டியை விட்டுவிடும். முழுப் பாரமும் பிரேக் மேல்தான்!

இறங்கும்போது இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதிக்கும், தெரியுமா?

ஏறும்போது சேமித்த அதே 785 கிலோஜூலும் இறங்கும்போது எங்கே போகும்? காற்று எடுத்துக்கொண்டது போக மீதி முழுக்கப் பிரேக்கில் சூடாக மாறும். அத்தனையையும் ஒரே பாத்திரத்தில் பிடிக்க முடிந்தால், 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே எழுபது வளைவும் இறங்கினால் ரிம் தொட முடியாமல் சுடும். ட்யூபின் பஞ்சர் ஒட்டு இளகும், டயர் வெடித்தாலும் ஆச்சரியமில்லை. மழையில் இன்னொரு ஆபத்து: இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டு போகும், வண்டி நிற்க நெடுந்தூரம் பிடிக்கும்.

வழி இதுதான்: வளைவுக்கு முன்னாலேயே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நேர்ப்பாதையில் கையை விட்டு ரிம்முக்குக் காற்று படவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கே பிடிக்கக் கூடாது.

மலையேறினால் பருவமே மாறிவிடும், தெரியுமா?

1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு ஆறரை டிகிரி குறையும். சித்திரை வெயிலில் வாடிய காவிரிக் கரையில் இருந்து கிளம்பினால், சோளக்காட்டில் இறங்கும்போது அது வேறு பருவம். வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் குளிரில் இறக்கத்தில் வேகமாகப் போனால் நடுக்கம் பிடித்துவிடும். மேலே போனதும் மாற்றுச் சட்டையை மாட்டுகிறவர்கள் அனுபவசாலிகள். (மேலே சொன்ன அந்த இரண்டாவது சட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்!)

பெண்கள் சைக்கிள் ஏறியது ஓர் இயக்கம், தெரியுமா?

மலை ஏறுவதற்கு முன்னால் சைக்கிளில் ஏற வேண்டுமே! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டு, அடுத்தவர் துணைக்குக் காத்திராமல் தங்கள் வேலைக்குத் தாங்களே போய்வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு அந்தச் செய்தி உலகம் சுற்றியது. அப்புறம் 2000களில் தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் வந்தது. பிளஸ் ஒன் சேரும் பெண்கள் பள்ளிக்கு மிதித்துப் போகும் காட்சி இன்று சாதாரணம்.

நம் பக்கத்துச் சிறுவர்கள் ஓட்டக் கற்றது எப்படி? பெரிய சைக்கிளின் சட்டத்துக்கு நடுவே காலை விட்டு, உடம்பை ஒருக்களித்து, முக்கால்வாசி பெடல் அடித்து! அந்தக் குரங்கு பெடலின் பெயரிலேயே, ராசி அழகப்பனின் 'சைக்கிள்' கதையை வைத்து, 2024ல் கமலக்கண்ணன் இயக்கிய படம் வந்தது. இன்று கொல்லிமலை ஏறும் பலரும் அன்று குரங்கு பெடல் அடித்தவர்கள்தான்.

ஒன்பது கொல்லிமலை ஏறினால் ஓர் எவரெஸ்ட், தெரியுமா?

'எவரெஸ்டிங்' என்று ஒரு சவால் இருக்கிறது. ஒரே மலையைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டும். ஏறிய உயரம் மட்டும் கூட்டி 8,848 மீட்டர் ஆகும்வரை தூங்கக் கூடாது! 1994ல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலையில் இதை முதலில் செய்தவர் பெயர் ஜார்ஜ் மல்லோரி. 1924ல் எவரெஸ்டில் மறைந்த புகழ்பெற்ற ஜார்ஜ் மல்லோரியின் பேரன்! கொல்லிமலையில் இதைச் செய்ய வேண்டுமென்றால் ஒன்பது தடவை ஏற வேண்டும். எழுபதை ஒன்பதால் பெருக்கினால் 630 வளைவு, அதுவும் ஏற்றத்துக்கு மட்டும்!

நீலகிரியில் 2008 முதல் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்ற பல நாள் சைக்கிள் பயணம் நடக்கிறது. அதில் எல்லோரும் பயப்படுவது அந்த 36 வளைவுக் கல்லட்டி ஏற்றத்துக்குத்தான். இன்னும் மேலே போக ஆசையா? 2021ல் உலகின் உயரமான வாகனச் சாலை என்று கின்னஸ் சான்றிதழ் வாங்கிய லடாக்கின் உம்லிங் லா 19,024 அடி உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். அங்கும் சைக்கிள்கள் போகின்றன!

மலை ஏறினாலும் படி இறங்க வேண்டும், தெரியுமா?

கொல்லிமலைக்குப் போய் ஆகாயகங்கை பார்க்காமல் வருவதா? அய்யாற்றில் சுமார் 300 அடி உயரத்தில் இருந்து கொட்டும் அருவி. ஆனால் அருவியின் காலடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியவர் ஏறியும் வர வேண்டுமே! எழுபது வளைவு மிதித்து வந்த தொடைக்கு அந்தப் படிகள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே சில சைக்கிள்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறுவதைப் பார்த்த பாட்டி ஒருவர், "ஏனுங் தம்பி, இப்படி நடக்கவே முடியலையே, சைக்கிள்ல எப்படி வந்தீங்க?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி! பெடல் சுற்றுவதும் படி இறங்கும்போது உடல் எடையைத் தாங்கிப் பிடிப்பதும் அதே தொடைத் தசைதான், ஆனால் அது உழைக்கும் விதம் வேறு.

கடைசியாக, நீங்களும் ஏறலாம், தெரியுமா?

முதல் நாளே கொல்லிமலை வேண்டாம். திருச்செங்கோட்டு மலைக்கு வண்டிப்பாதை இருக்கிறது. தூரம் குறைவு, ஏற்றமோ நறுக்கென்று இருக்கும். படி வழியில் ஆயிரத்து இருநூறு படி ஏறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுகிறவர்களைப் பார்த்தாலே அந்த உயரம் புரியும். அது பழகிய பிறகு ஏற்காடு. அப்புறம் காரவள்ளி. வெயில் ஏறுமுன் அடிவாரத்தில் இருங்கள். முதல் பத்து வளைவில் வேகம் காட்டாதீர்கள். பேச்சு வராத அளவு மூச்சு வாங்கினால் ஒரு கியர் இறக்குங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு ட்யூப் கட்டாயம். இடது வளைவில் எழுந்து நின்று மிதியுங்கள், வலது வளைவில் உட்கார்ந்து இளைப்பாறுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். லாபிஸும் தூர்மாலேயில் தள்ளித்தான் ஏறினார்.

கிளம்புவதற்கு முன் சைக்கிள் கடைக்குப் போனால் எல்லோரும் எத்தனை கியர் என்றுதான் விசாரிப்பார்கள். நீங்கள் முதலில் பிரேக் கட்டையைக் காட்டுங்கள். தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றுங்கள். கியர் இல்லாமல்கூட கொல்லிமலை ஏறிவிடலாம், பிரேக் இல்லாமல் இறங்க முடியாது!